உயிலுக்கு ஏன் ரெண்டு பேரு?

போன வாரம் சூரியநெல்லிக்குப் போயிருந்தேன். டீத்தோட்டம் பார்க்க இல்லை... பழைய இங்கிலாந்தைப் பார்க்க.

தோழி ஜெனிதாவுக்கு எம்.ஏ. இங்கிலீஷ் வைவா. இரண்டாவது முயற்சி. முதல் தடவை ஒரே கேள்வியில் கவிழ்ந்துவிட்டாள். இங்கிலீஷில் உயிலுக்கு ‘வில் அண்ட் டெஸ்டமென்ட்’ என்று ஏன் இரண்டு வார்த்தை? எஸ்டேட் சர்ச்சில் வளர்ந்தவள், யோசிக்கவே இல்லை. “வில்னா தேவ சித்தம் சார். டெஸ்டமென்ட்னா பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு.”

இந்தத் தடவையும் போனால், பேசி வைத்திருக்கும் ஸ்கூல் வேலையும் போய்விடும்.

வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே காத்துக் கிடந்தே வளர்ந்தவள் நான். பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன் என்று நம்பி என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

“இங்க பாரு புள்ள. நார்மன்காரன் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தப் புடிச்சான். அரமனை, கோர்ட்டெல்லாம் பிரெஞ்சு. வயக்காட்டுல, அடுப்படில இங்கிலீஷு...”

“அவன் வந்தா வந்துட்டுப் போறான். ஒரு உயிலுக்கு எதுக்குட்டி ரெண்டு பேரு?”

நான் நோட்ஸைப் புரட்டினேன். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் அவள் அம்மா, கணவருக்கு போன் போட்டார். “ஏங்க, தண்ணிக் குழாய்க்கு பஞ்சாயத்துல அபேட்ச மனு குடுத்தாச்சா?”

ஜெனிதா சிரித்தாள். “எம்மா, மலையாளத்துல அபேட்ச, தமிழ்ல மனு. ரெண்டும் ஒண்ணுதான். எதுக்கு சேத்துச் சொல்லுத?”

“மனுன்னா மலையாளத்து ஆபீஸ்காரன் முழிக்கான். அபேட்சன்னா ஒங்கப்பா முழிக்காரு. ரெண்டையும் சொல்லிட்டா ஒரு பயலும் முழிக்க மாட்டாம்லா.”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

‘வில்’ - குடியானவன் வீட்டுச் சொல். ‘டெஸ்டமென்ட்’ - லத்தீனிலிருந்து வந்து, பிரெஞ்சு பேசிய கோர்ட்டில் உட்கார்ந்துகொண்ட சொல். இரண்டு தரப்புக்கும் புரியட்டும் என்று சேர்த்து எழுதி, அதுவே பழகிப்போனது என்கிறார்கள். வெறும் பந்தா என்பவர்களும் உண்டு - வக்கீல்கள் ஆயிற்றே. ஒரு வேடிக்கை... நம்மூருக்குக் கப்பலேறி வந்தது குடியானவனின் ‘வில்’தான். நாம் அதை ‘உயில்’ ஆக்கிக்கொண்டோம்.

இந்தப் புதன்கிழமை வைவா. அதே எக்ஸாமினர், மலையாளி. பார்த்ததும் கேட்டாராம்: “தேவ சித்தம் குட்டியல்லே?”

மறுபடி அதே கேள்வி. ஜெனிதா அபேட்ச மனுவை எடுத்துவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்ப உங்க ஊர்ல நார்மன் யாரு? நாங்களா?”

மாட்டிக்கொண்டாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“ஆபீஸ் கவுண்டருக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்தாலும் நார்மன்தான் சார். நாளைக்கு நான் உட்கார்ந்தா நானும்.”

அவர் சிரித்து மார்க் போட்டாராம். வெளியே வந்த கையோடு வீட்டுக்கு போன்.

“எம்மா, பாஸாயி ஜெயிச்சுட்டேன்.”

ஒரு பயலும் முழிக்கவில்லை.