மூன்று புடவைப் பாவு

நான் எந்த ஊரிலும் ஒழுங்காக இருந்தவன் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரி கிளீனர், சூரத்தில் சாயப்பட்டறை, சந்தவாசல் பக்கம் செங்கல் சூளை என்று கிடைத்த இடத்தில் கிடந்தேன். அண்ணி போன் செய்தபோது ஓசூரில் ஒரு குடோனுக்குக் காவல் இருந்தேன்.

"உங்க அண்ணனுக்கு நுரையீரல்ல கட்டியாம் தம்பி. புற்றுங்கறாங்க. மெட்ராசுக்குக் கூட்டினு போவ ஆள் இல்ல."

அன்றே ஆரணிக்கு பஸ் ஏறினேன்.

சென்னை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். அடுத்த முறை போனபோது அண்ணனை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டரம்மா என்னை மட்டும் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் படத்தை உருட்டிக் காட்டினார். கத்திரிக்காயை வட்டம் வட்டமாக நறுக்குவதுபோல, கழுத்திலிருந்து கீழே வரைக்கும் உடம்பைப் படத்தில் நறுக்கியிருந்தார்கள். கட்டி வெள்ளையாகத் தெரிந்தது.

படத்தை இப்போது ஒரு புரோகிராமும் படிக்கிறது என்றார். கட்டி எவ்வளவு பெரியது என்பதோடு விடாது. ஓரம் வழவழப்பா, முள்ளுமுள்ளா, உள்ளே ஒரே நிறமா, திட்டுத்திட்டா என்று கண்ணுக்குப் பிடிபடாததையும் அளக்கும். முன்னால் வந்துபோன நோயாளிகளின் படங்களோடு ஒத்துப்பார்த்து, ரொம்ப நாள் இருந்தவர்கள் பக்கமா, சீக்கிரம் போனவர்கள் பக்கமா என்று பிரிக்கும். இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, அதை நம்பி மட்டும் வைத்தியம் பார்ப்பதில்லை என்பதையும் சொன்னார்.

"எங்க அண்ணன் எந்தப் பக்கங்க?"

"ரெண்டாவது பக்கம்தான் காட்டுது. நாங்க பாக்கறதும் அப்படித்தான் இருக்கு."

"எத்தினி நாளுங்க?"

"அது நாள் சொல்லாது. ஒரு வருஷம் தாண்டறது கஷ்டம். நீங்க பாத்து அவருக்குச் சொல்லுங்க."

சரிங்க என்றேன். வெளியே அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தார். ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

வீட்டுக்கு வந்தால், அண்ணனுக்குப் பட்டு நெசவு கொடுக்கும் முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். கல்யாண ஆர்டர், அரக்குப் பாவு தயாராக இருக்கிறது, அண்ணன் ஏற்றிக்கொள்கிறாரா, இல்லை வேறு தறிக்கா, சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும்.

தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைதான் பாவு; ஒரு பாவில் மூன்று புடவை வரும். அண்ணன் உடம்புக்கு அதை முடிக்கப் பல மாதம் ஆகும். ஆரம்பித்த புடவையை ஆரம்பித்த கையே முடிக்க வேண்டும். இழையை நெருக்கத் தறியில் ஒருவர் அடிக்கும் அடிபோல இன்னொருவர் அடி விழாது, கை மாறின இடம் கோடாகத் தெரியும். அது செத்தவர் கை என்றால் அந்தப் புடவையை எந்தக் கல்யாணத்துக்கும் கொடுக்க மாட்டார்கள்.

அண்ணி என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்தார். "டாக்டரு உங்களத் தனியா கூப்ட்டாங்கன்னு அவரே சொல்றாரு. பாவு ஏத்தலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

நான் வாயைத் திறக்கும் முன் அண்ணன் கூப்பிட்டார். ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். கட்டம் கட்டமாகப் படங்கள்.

"இங்க பாருடா. மொத வரிசைல ஒண்ணுமே இல்ல. அப்பறம் பொட்டாட்டம் வருது. நடுவுல பெருசாவுது. கீழ வர வர சின்னதாகி, கட்சீல காணவே காணோம். மருந்து வேலை செய்து. நீ இன்னாத்துக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுனு கீற?"

அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது, தறியில் டிசைன் விழவைக்கும் ஜக்கார்டு அட்டைகளை. ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும், ஓர் அட்டை போனால்தான் அடுத்தது வரும். அந்தக் கண்ணால் படத்தைப் படித்திருக்கிறார். அண்ணி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது.

"அது நாள் கணக்கு இல்லண்ணா. எல்லாம் ஒரே வாட்டி எடுத்தது. மேலேந்து கீழ வரைக்கும் உன் உடம்பு. கட்டி முடிஞ்ச எடத்துல படத்துலயும் முடியுது, அவ்ளோதான்."

அண்ணன் ஃபிலிமை இறக்கவில்லை. நடுக்கட்டத்தில் விரலை வைத்தார்.

"அப்ப இப்போ இம்மாம் பெருசு கீதா?"

"ஆமா."

"டாக்டரு இன்னா சொன்னாங்க?"

புரோகிராம் பிரிப்பதையும் டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன்.

"கம்ப்யூட்டரா? நம்ம டிசைன் போடற பையன் கம்ப்யூட்டர் ஆறு வெரல் மயில் போடுது." சிரித்தார், இருமல் வந்தது. அடங்கியதும், "போயி ஒத்தப் புடவைக்குப் பாவு கேளு" என்றார்.

போனேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒத்தப் புடவைக்கு எவன்யா பாவு ஓட்டுவான்? ஊரெல்லாம் சுத்திட்டு வந்து பேஜார் பண்ணாத. மூணாத் தர்றேன், எடுத்துனு போ."

அண்ணியிடம் கேட்டேன். "ஏத்தட்டும். சும்மா படுத்துனு கூரையப் பாத்தா அதுக்கு முன்னயே போய்டுவாரு" என்றார். பழைய பாவின் நுனியோடு புதிய பாவை இழை இழையாக நானும் அண்ணியும் பிணைத்தோம். விரல் நுனி தேய்ந்ததே தவிர மனசில் ஒன்றும் ஓடவில்லை.

முதல் புடவையை அண்ணன் முடித்தார். முடிந்ததும் தறியிலிருந்து அறுக்கச் சொன்னார். மூன்றையும் சேர்த்து அறுப்பதுதான் வழக்கம். "ஜல்தி அறுத்துடு. முடிஞ்சது முடிஞ்சதா வெளிய போவட்டும்." இரண்டாவதற்கு ரொம்ப நாள் பிடித்தது. கொஞ்சம் நெய்வார், படுப்பார். அதுவும் முடிந்தது, அறுத்தோம்.

மறுநாள் காலையில் அவர் தறிப் பக்கம் போகவில்லை. தான் இனி ஓரிழைகூடப் போடப்போவதில்லை, மூன்றாவதற்கு வேறு ஆளை உட்காரவை என்றார். அப்போதுதான் புரிந்தது, மூன்றாவதில் கை மாறக் கூடாது.

ஆஸ்பத்திரியிலிருந்து அடுத்த ஸ்கேனுக்குப் போன் வந்தது. போகலாமா என்று கேட்டேன்.

"போலாம், கூப்புடறாங்க இல்ல. படத்த மட்டும் என்கிட்ட காட்டாத."

இப்போது பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வந்து மூன்றாவதை நெய்கிறார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தறிச் சத்தத்தைக் கேட்கிறார். சாயங்காலம் ஆனால் என்னைக் கூப்பிடுகிறார்.

"எவ்ளோ ஆயிருக்கு?"

கையை வைத்து அளந்துவிட்டு வந்து சொல்கிறேன்.

"அடி கொஞ்சம் முரடு," என்கிறார். "பரவால்ல. மொதல்லேந்து ஒரே மாரி விழுது."