கூட்டத்துக்குக் கூப்பிடப் போனேன்

இங்கே ஒருவர் வீட்டுக் கதவைச் சொல்லாமல் தட்டினால், உள்ளே முதலில் தொலைக்காட்சியின் சத்தம் குறைகிறது. அடுத்து ஜன்னல் திரையின் ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு விலகுகிறது. அதன் பிறகுதான் கதவு திறக்கிறது, அதுவும் சங்கிலி மாட்டியபடி. இங்கிலாந்தின் வடக்கே நூற்பாலைகள் சூழ்ந்த இந்த ஊருக்கு நான் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மார்ச் வரை அப்படி யார் கதவையும் நான் தட்டியதில்லை. அந்த மாதம் ஒரே வாரத்தில் பல கதவுகளைத் தட்டினேன். எங்கள் கம்ப்யூட்டர் சங்கம் மூடப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்காக.

சங்கம் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். நான் வேலை செய்யும் வட்டார நாளேட்டில் விளம்பரக் கணக்குகளைப் போட ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதே வகை இயந்திரம் ஒரு கல்லூரியிலும், நகராட்சியிலும், இரண்டு மூன்று ஆலைகளிலும் இருக்கிறது. அதை இயக்குகிறவர்கள் மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை நூலகத்தின் பின்னறையில் கூடுவோம். இயந்திரத்துக்குக் கட்டளை சொல்லும் புரோகிராம்கள் துளையிட்ட அட்டைகளாக, கட்டுக்கட்டாக இருக்கும். ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்துப் போய்ப் பயன்படுத்தலாம், எடுத்தவர் தன்னுடையதைக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எடுத்துக்கொள்வது ஒழுங்காக நடந்தது. கொடுப்பது ஜோன் என்ற ஒரு பெண்மணியோடு நின்றுவிட்டது. கல்லூரியில் கணிதம் கற்பிப்பவர். அட்டைகளைப் படியெடுப்பது, பிழை திருத்துவது, அறைக்குச் சொல்லி வைப்பது, பிஸ்கட் வாங்குவது எல்லாம் அவர்தான். அவர் சாப்பிடும் நேரத்தில் போன் செய்து, “உங்கள் புரோகிராம் ஓடவில்லை” என்று கடைக்காரரிடம் பேசுவதுபோல் பேசுவார்கள். கொஞ்சம் கை கொடுங்களேன் என்று அவர் கேட்டால், “நீங்கள் செய்வதுபோல் யாருக்கு வரும்?” என்று பாராட்டிவிட்டு மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

அந்த ஜோன், நோயாளியான தாயைப் பார்த்துக்கொள்ள ஸ்காட்லாந்துக்குப் போவதாகப் பிப்ரவரியில் அறிவித்தார். மார்ச் கூட்டத்தில் வேறு யாராவது பொறுப்பேற்க வேண்டும், இல்லையென்றால் சங்கத்தை முடித்துவிடலாம் என்றார். அன்று வந்திருந்தவர்கள் நான்கு பேர்.

எனக்கு இது புதிதாக இல்லை. அறுபதுகளில் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு சென்னைப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் பிள்ளையார்பாளையத்தில் இதுபோல் ஒரு சங்கம் இருந்தது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி வைத்திருந்த நெசவாளர்கள் சேர்ந்து நடத்தியது. அந்தப் பெட்டிக்கும் துளையிட்ட அட்டைகள்தாம் கட்டளை சொல்லும். எந்த இழை மேலே எழ வேண்டும் என்பது துளையில் இருக்கும். ஒவ்வொரு வீடும் தனித்தனியாக அட்டை குத்தச் செலவழிப்பதை விட, புடவையின் அன்னக் கரைக்கு ஒருவர் வைத்திருக்கும் அட்டைகளை இன்னொருவர் வாங்கி ஓட்டலாம் என்று ஏகாம்பரம் என்பவர் தொடங்கினார். என் அண்ணனும் நெசவாளர்; அவர் வீட்டு ஆளாக நான் சேர்ந்தேன். தறி ஓடாத அமாவாசை நாளில், ஒரு சாயப்பட்டறையின் பின்கட்டில் கூடுவோம்.

அங்கே கூட்டம் கூட்ட ஒரே வழி, வீட்டுக்கு வீடு போய்க் கூப்பிடுவது. வாசலில் நின்று நாளைச் சொல்லி, உள்ளே போய், கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்தது கணக்கில் சேராது. ஏகாம்பரம் மாதந்தோறும் அப்படி நடந்தார். ஒருநாள் கூட்டத்திலேயே கேட்டார்.

“நான் ஒருத்தனே எத்தினி வாசப்படி ஏறுறது? கீழத்தெருவ யாராச்சும் பாத்துக்கோங்களேன்பா.”

“நீ வந்து கூப்டாத்தாண்ணா ஒரு களை இருக்குது” என்றார் வடிவேலு. நல்ல நெசவாளர், நல்ல வாய். “வேற எவனாச்சும் வந்தா சீட்டுப் பணம் கேக்க வரான்னு நான் கொல்லப்பக்கம் பூடுவேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரமும் சிரித்தார். அடுத்த அமாவாசைக்கு அவர் அச்சாபீசில் ஒரு நோட்டீஸ் அடித்து வீடுதோறும் போடச் செய்தார். அன்று பின்கட்டில் அவரும் நானும் என் அண்ணனும் உட்கார்ந்திருந்தோம். திரும்பும் வழியில் வடிவேலு தன் வாசலில் காற்று வாங்கிக்கொண்டு இருந்தார்.

“ஏம்பா வரல?” என்று அண்ணன் கேட்டார்.

“காயிதம் வந்துச்சு. ஆளு வரலியே. சினிமாவுக்குத்தான் நோட்டீஸ் போட்டுக்கினு கூப்பிடுவான். நான் இன்னா டிக்கெட் வாங்கியா வரணும்?”

ஏகாம்பரம் நிற்காமல் நடந்தார். அதன் பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை. வேறு யாரும் கூப்பிடவில்லை.

ஆகவே ஜோனின் அறிவிப்பைக் கேட்டதும் எனக்குத் தெளிவாகவே தோன்றியது: இந்த ஊரில் நோட்டீஸ் மட்டும்தான் போகிறது, ஆள் போகவில்லை. தட்டச்சு செய்த ஒரு தாளைத் தபாலில் அனுப்பிவிட்டால் யார் வருவார்கள்? அலுவலகம் முடிந்து ஒவ்வொரு வீடாகப் போனேன். முதலில் ஆலைக் கணக்கர் வாட்கின்ஸ். சங்கிலிக்குப் பின்னால் அவர் முகம் வெளுத்திருந்தது.

“ஜோனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?”

“இல்லை, நன்றாக இருக்கிறார். வியாழக்கிழமை கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட வந்தேன்.”

“நோட்டீஸ் வந்ததே.”

“வந்திருக்கும். நேரில் ஒருமுறை சொல்லலாம் என்று.”

“புரிகிறது” என்று சொல்லி அவர் உள்ளே போனார். வந்தபோது கையில் சென்ற ஆண்டு சங்கத்திலிருந்து வாங்கிய அட்டைக் கட்டு. “முன்பே திருப்பியிருக்க வேண்டும். மன்னிக்க வேண்டும், இதற்காக நீங்கள் இவ்வளவு தூரம் வரவேண்டியதாகிவிட்டது.” நான் மறுப்பதற்குள் கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

அடுத்துப் போன வீட்டிலும் அதுவே நடந்தது. ஒருவர் மாடியில் தேடி எடுத்து வந்தார். நகராட்சிக்காரர் ரப்பர் பட்டை போட்டு, மேலே நன்றி என்று எழுதியே கொடுத்தார். ஒருவர்கூடக் கோபப்படவில்லை, ஒருவர்கூட உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கூட்டத்துக்குக் கூப்பிடப் போன நான், வாரக் கடைசியில் சங்கத்தின் சொத்து முழுவதையும் இரண்டு பைகளில் வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தேன்.

வியாழக்கிழமை அந்தப் பைகளோடு போனேன். ஜோன் அட்டைகளைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிட்டீர்களா? எனக்கு மிச்சம் இருந்த வேலை இது ஒன்றுதான். நீங்கள் இதைப் புரிந்துகொண்டது பெரிய உதவி.” நான் வேறு காரியத்துக்குப் போனேன் என்று அந்த இடத்தில் சொல்ல முடியவில்லை. வழக்கத்தை விடக் கூட்டம் அதிகம். நேரில் வந்து கேட்ட பிறகு வராமல் இருப்பது அழகல்ல என்று நினைத்திருக்கிறார்கள்.

“பொறுப்பேற்க விரும்புகிறவர்கள் யாராவது?” என்று ஜோன் கேட்டார்.

நான் விரும்பினேன். ஆனால் நானே கை தூக்குவது எனக்குப் பழக்கமில்லை. எங்கள் ஊரில் இப்படிப்பட்ட நேரத்தில் யாராவது ஒருவர் பெயரைச் சொல்வார், பெயர் சொல்லப்பட்டவர் வேண்டாம் என்பார், மற்றவர்கள் வற்புறுத்துவார்கள். என் பெயரை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அங்கே இருந்தவர்கள் கண்ணில் இப்போது நான், கணக்கை முடிக்க வீடு வீடாக வந்த ஆள். ஜோன் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, முடித்துவிடலாம் என்று வாட்கின்ஸ் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். ஜோனுக்குக் கைதட்டினோம். தேநீர் குடித்தோம். அவரவர் கோப்பையை அவரவர் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினோம். ஒரு சங்கம் இவ்வளவு நாகரிகமாகச் சாகும் என்று நான் எண்ணியதில்லை.

ஜூன் மாதம் விடுப்பில் காஞ்சிபுரம் போனேன். அண்ணன் வீட்டுக்குப் போகும் வழியில் வடிவேலுவின் தறிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தறிக் குழியில் உட்கார்ந்தபடி, இழை ஓட்டும் நாடாவை நிறுத்தினார்.

“வாபா சீமக்காரரே. ஆமா, நம்ம சங்கம் எப்போ கூடுது?”

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். முகத்தில் சிரிப்பு இல்லை.

“அது நின்னு எவ்ளோ வருஷம் ஆச்சுண்ணா?”

“யார் நிறுத்துனாங்க? எனக்கு ஒருத்தரும் சொல்லலியே. ஏகாம்பரம் வந்து கூப்பிடல, அவ்ளோதான். கூப்டா வரமாட்டேனா நானு?”

ஏகாம்பரத்தின் வீடு அடுத்த தெருவில்தான். இருவரும் ஒரே தேரை இழுப்பவர்கள், ஒரே கடையில் வெற்றிலை வாங்குபவர்கள். நான் போய் ஏகாம்பரத்தை அழைத்து வந்திருக்கலாம். ஆனால் அவர் மறுபடி தொடங்கினால் அடுத்த மாதம் யார் வாசற்படி ஏறுவது? எனக்குத் திரும்பிப் போக விமானச் சீட்டு இருந்தது.

“நீ இருக்கிற ஊர்ல இந்த மாதிரி சங்கம் கிங்கம் உண்டா?” என்று கேட்டார் வடிவேலு.

“இருந்துச்சுண்ணா.”

“உன்ன கூப்பிடறாங்களாபா?”

கேட்டுவிட்டு அவர் மிதியில் காலை வைத்தார். இழைகள் எழுந்தன, அட்டை திரும்பியது, நாடா ஓடியது. நான் ஏதோ பதில் சொன்னேன். அந்தச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.