இரத்தம் ஓடுற சத்தம்

நான் பத்தாம் வகுப்பு ஓ.எல். சோதினை முழுசாப் பாஸ் பண்ணாதவள். கணக்கில கோட்டை விட்டனான். ஆனா ஸ்கேன் அறையில டொக்டருக்கு முன்னால, "இந்த இடத்திலதான் ஒடுங்கிக் கிடக்கு" எண்டு படத்தில விரலை வைச்சுக் காட்டினவள் நான்தான். பெருமை அடிக்கிறாள் எண்டு நினைச்சா நினையுங்கோ. பெருமைதான்.

என்ர மனுசனுக்கு ரெண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு ரெண்டு தரம் கொழும்பு கொட்டாஞ்சேனையிலயிருந்து த்ரீவீலர் பிடிச்சு, செக்பொயின்டில இறங்கி அடையாள அட்டை காட்டி, திரும்ப ஏறி, ஆஸ்பத்திரியில மிசினைப் பூட்டி இரத்தம் சுத்தம் பண்ணவேணும். அதுக்கெண்டு கையில ஒரு ஒப்பரேசன் செய்து இரத்தம் கொண்டு வாற நாடியையும் திருப்பிக் கொண்டு போற நாளத்தையும் ஒண்டாத் தைச்சு விட்டிருந்தவை. அந்த நாளம் பெருத்து, தடிச்ச ஊசி ஏறக்கூடினதா வரும். எல்லாருக்கும் இடது கையிலதான் செய்யிறவையாம். இவர் இடதுகைக்காரர். தாய் அடிச்சு அடிச்சுப் பழக்கினதால சாப்பாடு மட்டும் வலக்கையால. மிச்சம் எல்லாம் இடக்கையால. அதனால வலது கையில செய்தவை.

காலமை எழும்பினவுடன அந்த நாளத்தில உள்ளங்கையை வைச்சுப் பார்க்கவேணும். இரத்தம் ஓடுதெண்டா உள்ளுக்கு ஒரு இரைச்சல் தெரியும், மடியில கிடக்கிற பூனை உறுமுற மாதிரி. தேத்தண்ணி போடமுதல் எனக்கு அதுதான் வேலை. "நீர் என்ன, கள்ளனைப் பிடிக்கிற மாதிரி என்ர கையைப் பிடிக்கிறீர்?" எண்டு அவர் பகிடி பண்ணுவார்.

அந்த வருசம் கந்தசட்டி வந்தது. அவருக்கு விரதம் பிடிக்க ஏலாது எண்டு டொக்டர் கண்டிப்பாச் சொல்லிப்போட்டார். சரி, அவருக்காக நான் பிடிக்கிறன், அவர் காப்பாவது கட்டட்டும் எண்டு முதல் நாள் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனன். ஐயர் கையை நீட்டச் சொன்னார். ஆம்பிளையளுக்கு வலது கை. அவர் நீட்டினார், ஐயர் இறுக்கிக் கட்டினார், நான் பக்கத்தில நிண்டு கும்பிட்டன். எனக்கு ஒரு நினைவும் வரேல்லையே! மஞ்சள் பூசின பஞ்சுநூல். நாலு நாள் குளிச்சு நனைஞ்சு அது இன்னும் இறுகிப்போச்சு.

அஞ்சாம் நாள் காலமை கையை வைச்சன். இரைச்சலைக் காணேல்லை. டக், டக் எண்டு ஒரு அடி மட்டும் விரலில முட்டினது.

அண்டைக்கு மிசின் பூட்ட ஊசி போடுற நாள். ஆஸ்பத்திரியில நேர்ஸிட்டச் சொன்னன். அவ தொட்டுப் பார்த்துப்போட்டு, துடிக்குதுதானே, "பய வெண்ட எபா", பயப்பிடவேண்டாம் எண்டா. எனக்கு ஏறிச்சுது பாருங்கோ! "துடிக்குது நோனா, ஆனா இரையேல்லை. ஸ்கேன் பண்ணிப் பார்க்காமல் ஒருத்தரையும் குத்த விடமாட்டன்" எண்டு என்ர அரைகுறைச் சிங்களத்தில கத்தினன். வரிசையில இருந்த ஆக்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தவை. பார்க்கட்டுமேன்.

ஸ்கேன் டொக்டர் தமிழ்ப் பொடியன்தான். கையில களிம்பைப் பூசிக் கருவியை வைச்சார். படத்தில சிவப்பும் நீலமுமா ஓடினது. "நீலம் கெட்ட இரத்தமோ தம்பி?" எண்டு கேட்டன். அவர் சிரிச்சார்.

"இல்லை அன்ரி. கருவியை நோக்கி வாற ஓட்டம் சிவப்பு, விலகிப் போறது நீலம். கருவியை மற்றப் பக்கம் சரிச்சா நிறமும் மாறும்."

அவர் சொன்னதை மனசில பிடிச்சுக்கொண்டு படத்தைக் கண்வெட்டாமல் பார்த்தன். ஒரு இடத்தில நிறமெல்லாம் குழம்பி, மஞ்சளும் பச்சையுமாச் சிதறினது. மிசினுக்குள்ள இருந்து வந்த சத்தமும் கீச்செண்டு மேல போச்சு. தண்ணிப் பைப்பின்ர வாயைப் பெருவிரலால அமத்தினா அப்பிடித்தானே பீச்சியடிக்கும். "இந்த இடத்திலதான் ஒடுங்கிக் கிடக்கு" எண்டு விரலை வைச்சன்.

"ஓம் அன்ரி, சரியாச் சொல்லுறியள்" எண்டவர், படத்தை விட்டிட்டுக் கையைப் பார்த்தார். நானும் பார்த்தன். கருவிக்குப் பக்கத்தில, சதைக்குள்ள பதிஞ்சு கிடந்தது காப்பு. என்ர கண்ணுக்கு முன்னால அஞ்சு நாளாக் கிடந்த காப்பு. பக்கத்தில நிண்ட நேர்ஸ், தன்ர கையில கட்டியிருந்த, புத்தகோயிலில ஓதிக் குடுக்கிற பிரித் நூலைத் தடவினா. அவவுக்கும் அது நூலாத் தெரியேல்லை, சாமியாத்தான் தெரிஞ்சிருக்கும். ஆரைப் பிழை சொல்ல?

டொக்டர் மெல்லமாச் சொன்னார்: ஓட்டம் முழுசா நிண்டா இரத்தம் உறைஞ்சிடும், பிறகு இந்தக் கை உதவாது, மற்றக் கையிலதான் புதுசாச் செய்யவேணும். அது சரிவர மாதக்கணக்காகும். அதுவரைக்கும் இவர் தாங்குவாரோ எண்டதை அவர் சொல்லேல்லை. சொல்லவும் தேவையில்லை.

இவர் காப்பை இடக்கையால பொத்திப் பிடிச்சார். "இன்னும் ரெண்டு நாள் கிடக்கு. இடையில அறுத்தாக் குற்றம்."

"கட்டுவிச்சது ஆர்?" எண்டன். "நான். குற்றம் எண்டா எனக்கு வரட்டும்."

அஞ்சு நாள் பாலும் பழமுமா விரதம் கிடந்தவள் நான். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையா என்ர கதை முடியக்கூடாது, முருகா, நீ கோவிச்சா கோவி எண்டு வாய்விட்டே சொன்னன். நேர்ஸிட்டக் கத்தரிக்கோலை வாங்கி, அவற்ற விரலை விலக்கி, நானே நறுக்கினன்.

டொக்டர் கருவியைத் திரும்ப வைச்சார். ஒண்டும் மாறேல்லை. டொக்டர் கருவியை எடுக்காமல் பிடிச்சுக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக் கீச்சுச் சத்தம் இறங்கி, ஹோ எண்டு அகலமா ஒரு இரைச்சல் வந்தது. மஞ்சளும் பச்சையும் ஒடுங்கி, ஒரே நிறமா நீளத்துக்கு ஓடினது.

இவர் முகட்டைப் பார்த்தபடி கோவத்தில கிடந்தார். பிறகு தலையைத் திருப்பினார். டொக்டரைப் பார்க்கேல்லை, படத்தையும் பார்க்கேல்லை.

"இஞ்சேரும், ஓடுதோ?"

"ஓடுது" எண்டன்.

"அப்ப ஊசியைப் போடச் சொல்லும்" எண்டு கையை நீட்டினார்.