ஊதா மேலே

என் இடது கை எனக்கு மிச்சமானது ஒரு தும்மலால். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த இடத்தில் நின்றவள் நான்.

சின்னசேலம் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில், மூட்டை பிடிக்கும் இடத்தில் எனக்கு வேலை. அங்கேயே எலக்ட்ரீஷியன் என் வீட்டுக்காரர். மூட்டை நிரம்பியதும் ஒரு இரும்புத் தட்டு கம்பிகளின் மேல் நகர்ந்து வந்து, அதைத் தையல் மிஷின் பக்கம் தள்ளிவிடும். அத்தனை கனமான தட்டு மூட்டையைத் தொடும்போது மட்டும் வேகம் குறைத்து, பதமாகத் தொடும். “புது மருமக நடந்து வராப்பல வருது பாரு” என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

அந்தப் பதத்துக்குக் காரணம் மோட்டாரின் முதுகில் இருக்கும் ஒரு சின்ன டப்பா. என்கோடர் என்பார்கள். தட்டு எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பேனலுக்கு அது விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். பேனலுக்குக் கண் கிடையாது. டப்பா சொல்வதை நம்பித்தான் மோட்டாரை ஓட்டும், நிறுத்தும்.

மாவு கொட்டிக் கிடக்கும் இடத்தில் எலி இல்லாமல் இருக்குமா. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் மிஷின் ஓடவில்லை. டப்பாவிலிருந்து வரும் கேபிளில் இரண்டு ஒயரை, பேனலில் நுழைகிற இடத்திலேயே எலி கடித்துத் தின்றிருந்தது. எது மேல் முனையில் இருந்தது, எது கீழ் முனையில் இருந்தது என்று கண்டுபிடிக்க நூலளவு மிச்சமில்லை. வெளியே கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு ஏற்றி வந்த லாரிகள் நிற்க ஆரம்பித்துவிட்டன. முதலாளி வாசலுக்கும் மிஷினுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் மிஷின் செய்த கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்தது கோயம்புத்தூர் பக்கத்துப் பெண், இன்ஜினியர். கை இரண்டும் வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு பேனல் மேல் வைத்தார்.

“அந்த ரெண்டு ஒயர்ல ஊதாவ மேல குடுங்கண்ணா. இன்னொன்னக் கீழ குடுத்துருங்க.”

“ஊதா மேல.”

“ஆமாங்கண்ணா. மாத்திக் குடுத்துறக் கூடாது. இன்னொருக்கா சொல்லுங்க.”

“ஊதா மேலம்மா. இன்னொன்னு கீழ.”

“அதேதானுங்க.”

எவ்வளவு பொறுப்பான பெண் என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அவர் ஊதா ஒயரை மேலே வைத்து ஸ்க்ரூ முடுக்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

மெயின் சுவிட்சைப் போட்டால் தட்டு அசையாது. பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் கிளம்பும். அதனால் சுவிட்ச் போடும்போது நான் எப்போதும் தட்டுக்கும் இந்தக் கோடியில் இருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் இடது கையால் துடைப்பத்தை விட்டு, சிந்திய ஜவ்வரிசியைக் கூட்டுவேன். அன்றும் கூட்டிக்கொண்டிருந்தேன்.

“போடட்டுமா?” என்றார்.

“போடுங்க” என்றேன்.

அப்போது மாவு மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. என் வீட்டுக்காரருக்குத் தும்மல் ஆகாது. வெளியே கிளம்பும்போது யாராவது தும்மிவிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இதனால் எத்தனை பஸ்ஸைக் கோட்டைவிட்டிருக்கிறோம், எத்தனை தரம் நான் அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அன்று கை சுவிட்சைத் தள்ள ஆரம்பித்திருந்தது, அவரால் நிறுத்த முடியவில்லை. நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினேன்.

தட்டு பாய்ந்து வந்தது. வந்தது என்று சொல்வதே தப்பு, அந்தக் கோடியில் இருந்தது, அடுத்த கணம் இந்தக் கோடியில் இருந்தது. சட்டத்தில் மோதிய சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நின்றிருந்த மூட்டை வெடித்து ஜவ்வரிசி எங்கள் காலடியெல்லாம் ஓடியது. துடைப்பத்தின் பிடி நசுங்கிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த கை என் மூக்கின் மேல் இருந்தது.

அவர் சிவப்புப் பொத்தானை அறைந்துவிட்டு ஓடி வந்தார். கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “ஒண்ணுமில்லங்க, ஒண்ணுமில்ல” என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

போன் இன்னும் லைனில்தான் இருந்தது. “என்னாச்சுங்கண்ணா? என்ன சத்தம்? போட்டோ எடுத்து அனுப்புங்க” என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலாளி போட்டோ எடுத்து அனுப்பினார்.

“அண்ணா, ஊதாவ மேல குடுக்கச் சொன்னனே. நீலத்தக் குடுத்திருக்கீங்க.”

“இன்னாம்மா சொல்ற? மேல இருக்கறது ஊதா தான?”

“அது நீலங்கண்ணா. ஊதா கீழ இருக்குது.”

“கீழ இருக்கறது கத்தரிப்பூ கலரும்மா.”

எங்கள் ஊரில் வானம் ஊதா, பேனா மை ஊதா, போலீஸ் வண்டியின் பட்டை ஊதா. புடவைக் கடையில் ஊதா கேட்டால் இந்த நீலத்தைத்தான் எடுத்துப் போடுவார்கள். மற்றதற்குக் கத்தரிப்பூ என்று பெயர். வானவில்லின் ஓரத்தில் இருப்பது ஊதா என்று பள்ளிக்கூடத்தில் நானும்தான் மனப்பாடம் செய்தேன். பரீட்சைக்கு எழுதினதோடு சரி. ஒருத்தர் சொல்லி, மற்றவர் திருப்பிச் சொல்லி, கேட்டவர் சரி என்று சொல்லி, நான் உள்பட மூன்று பேர் காதிலும் ஒரே வார்த்தை விழுந்திருக்கிறது.

பிறகுதான் அந்தப் பெண் நிதானமாக விளக்கினாள். இரண்டும் இடம் மாறினால் டப்பா திசையைத் தலைகீழாகச் சொல்லும். தட்டு மயிரிழை முன்னால் அசைந்தால், பின்னால் போகிறது என்று சொல்லும். பேனல் அதை நிறுத்துவதற்காக முன்னால் தள்ளும். இன்னும் பின்னால் போகிறது என்று பதில் வரும். இன்னும் பலமாகத் தள்ளும். பவர் வந்த உடனே தட்டை இருந்த இடத்திலேயே அசையாமல் பிடித்து வைக்கத்தான் பேனல் அவ்வளவு பாடும் பட்டிருக்கிறது. மிஷின் கெட்டுப்போய் அப்படிச் செய்திருந்தால்கூட ஆறியிருப்பேன். அது கெடவே இல்லை.

அவர் மெயினை அணைத்துவிட்டு இரண்டு ஒயரையும் கழற்றினார். ஒன்றைத் தூக்கி என்னிடம் காட்டினார். “இது இன்னா கலரு? நீயே சொல்லு.”

“கத்தரிப்பூ.”

“கத்தரிப்பூவே மேல குடுங்கண்ணா” என்றாள் அந்தப் பெண். “தட்ட மோட்டார்ல இருந்து கழட்டி விட்டுருங்க. எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுப் பவர் போடுங்க. அக்காவ முதல்ல அனுப்புங்க.”

அவர் ஒயரை மாற்றிக் கொடுத்து, தட்டையும் கழற்றி விட்டார். எல்லாரும் வெளியே போனார்கள். நானும் திரும்பினேன். “நீ இங்க வா” என்றார். கல்யாண நாளுக்குப் பிறகு நாலு பேர் பார்க்க என் கையைத் தொடாத மனுஷன், என் இடது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை சுவிட்சின் மேல் இருந்தது.

“போடட்டுமா?” என்றார்.

போடுங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் போடாமல் நின்றுகொண்டே இருந்தார்.