அழிக்கும் பொத்தான்

ஹஃபீஸாவிடம் யாராவது "அதெல்லாம் வேணாம்" என்று சொன்னால், அவள் வாயிலிருந்து உடனே வருவது "யாருக்கு வேணாம்?" என்ற கேள்விதான். பழங்காநத்தத்தில் அவளைத் தெரிந்தவர்கள் இதை ஒரு வியாதி மாதிரி சொல்லிச் சிரிப்பார்கள். மாட்டுத்தாவணிக்கு அந்தப் பக்கம் அவள் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியில், "கைக்குழந்தைய வச்சுக்கிட்டு ஒங்களுக்கு இந்தப் பெரிய ப்ராஜெக்ட் வேணாம் மேடம்" என்று மேலாளர் அன்போடு சொன்னபோதும் அதையேதான் கேட்டாள். அவர் விழித்தார். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். லாட்ஜுகளுக்கு அறை பதிவு செய்யவும் ஜவுளிக்கடைகளுக்கு பில் போடவும் மென்பொருள் எழுதிக் கொடுத்தாள். அது பிழைப்புக்கு. பிடிவாதத்துக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தாள். அதன் பெயர் 'பதம்'.

'பதம்' ஒரு சின்ன சமையல் இணையதளம். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிறவர்கள் தங்கள் வீட்டுச் சமையலை அதில் சொல்லலாம், யார் வேண்டுமானாலும் பார்த்துச் சமைக்கலாம். தொடங்கியபோது அதில் ஒரு வெள்ளைப் பெட்டி மட்டும் இருந்தது. 'செய்முறையை இங்கே எழுதவும்' என்று அதன் தலையில் போட்டிருந்தாள். எழுதத்தான் ஆளில்லை. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் அகிலாண்டம் மட்டும் சாம்பார், ரசம், கூட்டு என்று பிழையில்லாத தமிழில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

நன்றாகச் சமைக்கிறவர்கள் கையில் மாவும் எண்ணெயும் இருக்கும், அவர்கள் எங்கே போனில் தமிழ் அடிப்பார்கள் என்று ஹஃபீஸாவுக்கு உறைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மைக் படத்தை வைத்தாள். அமுக்கிவிட்டுப் பேசினால் போதும். குரலும் அப்படியே இருக்கும், கீழே எழுத்தாகவும் வந்துவிடும். முதல் வாரத்தில் 'கடுகு வெடிக்கட்டும்' என்று சொன்னதெல்லாம் 'கழுதை வெடிக்கட்டும்' என்று வந்து ஊரே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே சமையலறைச் சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாக அதற்குக் கற்றுக்கொடுத்தாள். அப்புறம் ஒரு சிக்கல். பேசுகிறவர்கள் எல்லோரும் 'கொஞ்சம் உப்பு', 'ஒரு கை பருப்பு' என்றே சொன்னார்கள். அதற்காக 'எம்புட்டு?' என்று ஒரு பொத்தான் வைத்தாள். அளவு புரியாத இடத்தில் அதை அமுக்கினால், கேள்வி அந்தச் சமையலைச் சொன்னவருக்கே குரலாகப் போகும். அந்தப் பொத்தானுக்குப் பிறகுதான் 'பதம்' நடமாட ஆரம்பித்தது.

அந்தக் கேள்விகளுக்குச் சளைக்காமல் பதில் சொன்னவர் முனியாயி. கொட்டாம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். ஐம்பது வயது, கணீரென்ற குரல். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் நத்தைக் குழம்பு வைப்பது எப்படி என்று அவர் பேசி அனுப்பினார்.

"மழ பேஞ்சு வயக்காட்டுல தண்ணி நிக்கைல வரப்போரமா கெடக்கும். பொறுக்கியாந்து ஒரு நா பூராம் தண்ணியில போட்டு வச்சா, வயித்துல இருக்க மண்ண அதுவே கக்கிரும். பெறகு கொதி தண்ணியில போட்டெடுத்து ஊசியால குத்தி இழுத்தா கறி வந்துரும். மஞ்சளையும் உப்பையும் போட்டு, வழவழப்பு போற மட்டும் கழுவணும். இங்கதான் எல்லாரும் சோம்பேறித்தனம் பண்றது." கடைசியில், "வாய் கூசுறவுக திங்க வேணாம். திங்கிறவுக நல்லா மெண்டு திங்கணும்" என்று முடித்திருந்தார்.

யாரோ அந்தக் குரலை மட்டும் வெட்டி, சிரிக்கும் முகங்களை ஒட்டி வாட்ஸப்பில் விட்டார்கள். நான்கு நாளில் அது மேலூர், நத்தம் என்று சுற்றிவிட்டது. 'பதம்' பக்கத்தின் கீழே கருத்துகள் வந்து குவிந்தன. பாதி வாந்தி எடுக்கும் பொம்மைகள். மீதி வாயால் சொல்ல முடியாதவை.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு போன் வந்தது.

"மேடம், நான் அழகுமலை பேசுறேன். முனியாயி மகன். மேலூர்ல பைனான்ஸ் கம்பெனில மேனேஜரா இருக்கேன். அந்த நத்த சமாச்சாரத்த ஒடனே எடுத்துருங்க."

"ஒங்கம்மா எடுக்கச் சொன்னாங்களா?"

"அவுகளுக்கு என்ன தெரியும்? பொண்ணு வீட்டுல பாத்துட்டாக மேடம். வார மாசம் நிச்சயம். 'நத்த திங்கிற வீடாப்பா'ன்னு மாமனாரு கேக்குறாரு. எனக்கு எப்புடி இருக்கும்?"

"புரியுதுங்க. ஆனா சொன்னது அவங்க. நான் அவங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் எதுவும் செய்வேன்."

"கேக்க வேணாம்னுதான் சொல்றேன்."

"யாருக்கு வேணாம்?" என்றாள் ஹஃபீஸா. அவன் போனை வைத்துவிட்டான்.

வைத்த கையோடு அகிலாண்டம் டீச்சர் கூப்பிட்டார். "ஹஃபீஸா, நான் தினமும் விளக்கேத்திட்டு அந்தப் பக்கத்தத் திறக்கிறவ. என் மிளகு ரசத்துக்குக் கீழ நத்தை நிக்குது. அத எடு. இல்லாட்டி நான் இருக்க மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் ஹஃபீஸாவுக்கு அதிகம் வலித்தது. ஆளில்லாத காலத்தில் 'பதம்' பக்கத்தை நிரப்பிய கை அது.

மதியம் சாப்பிட வந்த கணவன் நூருல் அமீன், டவுன்ஹால் ரோட்டில் பெட்டியும் பையும் விற்கிறவன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "ஒரே ஒரு கொழம்பு, ஹஃபீ. எடுத்துட்டா எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க."

"முனியாயி அக்காவும் நிம்மதியா இருப்பாங்களா, மச்சான்?"

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினான். அவன் போன பிறகு அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அழிக்கும் பொத்தான் திரையில் சிவப்பாக இருந்தது. ஒரு சொடுக்கு போதும். பொய் சொல்வானேன், அவள் விரல் அங்கே போகவும் செய்தது. இத்தனை பேருடைய சொல்லை யாரையும் கேட்காமல் துடைத்துப்போடும் வசதியைத் தானேதான் தனக்குச் செய்து வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு முகத்தில் அறைந்தது. எழுந்து சேலை மாற்றிக்கொண்டு, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் முனியாயி அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். இருவரும் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஹஃபீஸா பெயரைச் சொன்னதும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அவன் ஒங்கிட்டப் பேசிட்டானா தாயி? எங்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியிறான்."

"அக்கா, நீங்க சொன்னா அதை அழிச்சிர்றேன். நீங்க சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்."

"நான் என்ன களவாண்டதையா சொன்னேன்? தின்னதத்தான சொன்னேன்." முனியாயியின் குரல் ஏறியது. "இவங்கப்பன் செத்த வருசம் வயக்காட்டுல பொறுக்குனதுதான் எங்களுக்குக் கறி. 'இன்னுங் கொஞ்சம் ஊத்தும்மா'ன்னு வட்டில நீட்டுன பய, இன்னைக்குக் கேவலங்கிறான். கேவலம்னா அன்னைக்குல்ல சொல்லியிருக்கணும்? அழிக்காத. எம் பேருக்குப் பக்கத்துல ஊருப் பேரையும் சேத்துப் போடு. முனியாயின்னு ஊருக்கு நாலு பேரு இருப்பாளுக. வேற எவளோன்னு நெனச்சிரப் போறாக."

ஹஃபீஸாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"கீழ என்னமோ எழுதுறாகளாமே, படிச்சுக் காட்டுடான்னா காட்ட மாட்டேங்கிறான். வையிறாகளா?"

"நெறையப் பேரு வையிறாங்க அக்கா. கொஞ்சப் பேரு சந்தேகமும் கேக்குறாங்க. சந்தேகத்த மட்டும் சொல்றேன்."

"வையிறதையும் சொல்லு. பதில் சொல்லணும்ல?"

திரும்பி வந்த பஸ்ஸிலேயே ஹஃபீஸா யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். அடுத்த இரண்டு வாரம் பில் மென்பொருள் கேட்டிருந்த கடைக்காரர்கள் போன் அடித்து ஓய்ந்தார்கள். அவள் 'பதம்' பக்கத்தைப் பிரித்துப் போட்டு மாட்டினாள். கருத்துகளைக் குரலாகவே கேட்கலாம், குரலாகவே பதில் சொல்லலாம். கருத்து எழுதுகிறவர் இனிமேல் தன் பெயரும் போன் எண்ணும் கொடுத்துத்தான் எழுத முடியும். இதைச் செய்ததுமே வாந்தி பொம்மைகளில் முக்கால்வாசி ஓடிவிட்டன. சைவம் மட்டும் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு வழி வைத்தாள். அழிக்கும் பொத்தானைத் தன் பக்கத்திலிருந்து எடுத்து, சமையலைச் சொன்னவர் பக்கத்தில் வைத்தாள். அதை அமுக்கினால் அவருடைய போனுக்கு ஓர் அழைப்பு போகும். அவர் தன் வாயால் சொன்னால்தான் அழியும்.

"சர்வர் ஒன்னோடதுதான? நீ நெனச்சா இப்பவும் அழிக்கலாம்ல?" என்று நூருல் அமீன் மடக்கினான்.

"அழிக்கலாம். ஆனா அழிச்சா அந்த எடத்துல 'இதை அழித்தவர் ஹஃபீஸா'ன்னு எல்லாரும் பாக்குற மாதிரி வந்து நிக்கும். அதையும் எழுதி வச்சுட்டேன்."

அவன், "ஒன் பிடிவாதத்துக்கு நான் கோர்ட்டு வாசல்ல நிக்காம இருந்தாச் சரி" என்று சொல்லி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைவீதிப் பக்கம் போனான்.

அகிலாண்டம் டீச்சருக்கு அவளே போன் செய்தாள். "டீச்சர், சைவம் மட்டும்னு வச்சுக்கிட்டா ஒங்க கண்ணுல வேற எதுவும் படாது. ஆனா அடுத்தவங்க எலையில இருக்கறத என்னால எடுக்க முடியாது."

"அப்ப என்னோடத நான் எடுத்துக்கலாமா?" என்றார் டீச்சர்.

"எடுக்கலாம் டீச்சர். இப்ப அது ஒங்க கையிலதான் இருக்கு."

அவர் எடுத்துவிட்டார். ஒவ்வொன்றாக, ஒவ்வொரு அழைப்புக்கும் 'அழிக்கவும்' என்று தெளிவாகச் சொல்லி எடுத்தார். அதிகம் பேர் சமைத்துப் பார்த்த அந்த சாம்பாரும் போனது. ஹஃபீஸா திரையில் அவை மறைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தடுக்கவில்லை. டீச்சர் அதன்பிறகு திரும்பி வரவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழகுமலை நேரிலேயே வந்துவிட்டான். வாசலில் பைக்கை நிறுத்தும்போதே சத்தம் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்க குடும்ப மானத்தக் கடைவிரிச்சு நீங்க பேரு வாங்குறீங்களா? எங்க சாப்பாட்டப் பத்தி ஒங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. அதனாலதான் அழிக்கிற பொத்தான் எங்கிட்ட இல்ல. ஒங்கம்மா போன்ல இருக்கு."

"போலீஸ்ல குடுப்பேன்."

"குடுங்க. கூப்பிட்டா வாரேன். ஒங்கம்மாவையும் கூப்பிடச் சொல்லுங்க. அவங்க சொல்றதக் கேட்டுக்கிட்டு எழுதட்டும்." அவள் வாசற்படியை விட்டு நகரவில்லை. "தூரத்துலேருந்து வந்திருக்கீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று சொம்பையும் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது அவனும் அவன் அம்மாவும் மட்டும் இருந்த வீட்டில். ஆனால் அழைப்பில் பதிவான குரல் மூலமாக ஹஃபீஸாவுக்கு அது தெரிந்தது. அழகுமலை அம்மாவின் போனை எடுத்து அழிக்கும் பொத்தானை அமுக்கியிருக்கிறான். உடனே அழைப்பு வந்தது. 'நத்தைக் குழம்பை அழிக்கலாமா?' என்று இயந்திரக் குரல் கேட்டது. "சொல்லும்மா, சரின்னு சொல்லு" என்று அவன் போனை அம்மாவின் வாயருகே பிடித்தது கேட்டது. பின்னால் ஒரு சேவல் கூவியது.

பிறகு முனியாயி பேசினார். "அழிக்க வேணாம், இருக்கட்டும். அப்புறம், எம்புட்டு மொளகுன்னு ஒரு பிள்ள கேட்டுருந்துச்சு. ஒரு படி நத்தைக்கு ரெண்டு கரண்டி தட்டிப் போடச் சொல்லு. மழக்காலத்துக்கு இன்னுங் கொஞ்சம் கூட இருந்தாலும் நல்லதுதான்."

"அம்மா!" என்ற கத்தலோடு அழைப்பு அறுந்தது.

ஹஃபீஸா தனியறையில் உட்கார்ந்து அதை மறுபடி மறுபடி கேட்டாள். பிறகு முனியாயியிடம் அனுமதி கேட்டு, அந்த மிளகுப் பதிலை மட்டும் குழம்புக்குக் கீழே சேர்த்தாள்.

நிச்சயம் கார்த்திகைக் கடைசிக்குத் தள்ளிப்போனது. முனியாயி தன்னந்தனியாகப் பெண் வீட்டுக்குப் போய் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, "ஆமா, தின்னோம். தின்னுதான் இவன வளத்தேன். இவன் சம்பாத்தியம் புடிச்சிருந்தா இவன் தின்ன சோறும் புடிக்கணும். ரெண்டுல ஒண்ண மட்டும் எடுத்துக்கிற முடியாது" என்று சொல்லிவிட்டு வந்ததாக ஹஃபீஸாவிடம் போனில் சொன்னார். அங்கே யார் என்ன பதில் சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. பத்திரிகையைக் கொடுக்க முனியாயியே பழங்காநத்தத்துக்கு வந்தார். மண்டபத்தில் அழகுமலை ஹஃபீஸாவைப் பார்த்து, பார்க்காததுபோல மாலையைச் சரிசெய்துகொண்டான். இன்னும் அவளோடு பேசுவதில்லை.

'பதம்' பக்கத்தில் சாம்பார் போன பள்ளம் அப்படியே இருக்கிறது. வேறு சாம்பார்கள் வந்திருக்கின்றன, அந்த அளவுக்கு யாரும் சமைத்துப் பார்க்கவில்லை. ஆனால் இதுவரை வாய் திறக்காதவர்கள் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ஒருவர் வயல் நண்டு ரசம் சொன்னார். காஜிமார் தெருவிலிருந்து ஜெயினம்பு என்கிற பெண் ஆட்டுக் குடலைச் சுத்தம் செய்வதை அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். அவர்களில் யாரும் பெயரை மறைக்கவில்லை.

இப்போது ஹஃபீஸா வீடியோவுக்கு வழி செய்துகொண்டிருக்கிறாள். அதற்கு சர்வர் தாங்காது, வேண்டாம் என்று கூடப் படித்த நண்பர்கள் சொல்கிறார்கள். முனியாயியின் பேச்சு வேறாக இருந்தது.

"கொரலு மட்டும் கேட்டா எவளோ பொம்பளன்னு வஞ்சுட்டுப் போயிருவாக தாயி. எம் மூஞ்சி தெரியுற மாதிரி செய்யி. மூஞ்சியப் பாத்து வையிறானான்னு பாப்போம்."