சண்டைக்காரி மறைத்த பிழை

இயற்பியல் துறையில் எல்லோரும் அவளைச் சண்டைக்காரி என்றுதான் சொல்வார்கள். அந்தப் பட்டம் கட்டியவர் அவள் கணவர். இருவருக்கும் ஒரே அறை, ஒரே கரும்பலகை, ஒரே ஆராய்ச்சி: பிரபஞ்சம் பிறந்த புதிதில் பிரேன்கள் எப்படி உண்டாயின என்பது. ஒரு கழித்தல் குறிக்காகச் சோறு தண்ணி மறந்து மல்லுக்கட்டுவார்கள்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு கணக்கு. பிரேன்கள் என்பவை பல பரிமாண வெளியில் மிதக்கும் விரிப்புகள். எதிரெதிரான இரண்டு மோதி அழியும்போது, பக்கத்து இடத்துச் சேதி வந்து சேருமுன் ஒவ்வொரு இடமும் தன்போக்கில் அடங்கிவிடும். ஒத்துப்போகாத இடத்தில் முடிச்சு விழும். அந்த முடிச்சுதான் பரிமாணம் குறைந்த புது பிரேன். நாம் காணும் பெரிய திசைகளில் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாமல் சுருண்டு கிடக்கும் நுண்ணிய திசைகளிலும் அப்படி முடிச்சு விழுந்து, நம் உலகம்போல ஒரு முப்பரிமாண பிரேன் மிஞ்சும் என்று எழுதியிருந்தார்.

அவர் ஈரல் கெட்டுப் படுத்தபோது, ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து அவள் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். அந்தச் சுருண்ட திசைகள் அவ்வளவு குட்டி. சேதி கண் மூடித் திறப்பதற்குள் சுற்றி வந்துவிடும். எல்லா இடமும் ஒத்துப்போய்விடும். முடிச்சு விழ வழியே இல்லை.

"என்ன, மூஞ்சி தொங்கிப் போச்சு? கணக்கு உதைக்குதா?" என்றார்.

"இல்லங்க. சரியாத்தான் இருக்கு."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கமாட்டாமல் தண்ணீர் பிடிக்க எழுந்து போனாள். அந்த வாரமே அவர் போய்விட்டார்.

நினைவுக் கூட்டத்தில் மாணவர்கள் அந்தக் கணக்கைப் புகழ்ந்து தள்ளினார்கள். அதை நம்பித் தங்கள் ஆய்வைத் தொடங்கியவர்களும் அங்கே இருந்தார்கள். அதற்கு மேல் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து போய், ஆஸ்பத்திரியிலேயே கண்ட பிழை என்று சொல்லி, அதைப் பலகையில் போட்டுக் காட்டினாள். பெரிய திசைகளில் மட்டுமே முடிச்சு விழும், மிஞ்சுவது நம் உலகம்போன்ற பிரேன் அல்ல, வானில் நூல்போல நீளும் வெறும் இழைகள் என்றாள். செத்தவரையும் விடமாட்டாள் போல என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

வெளியே மூத்த நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா."

"மனசு வரலக்கா. நிம்மதியா போகட்டும்னு நெனச்சேன்."

"அவனுக்கு எது நிம்மதின்னு உனக்குத் தெரியாதா? எழுந்து உக்காந்து உன்கூட வாதாடியிருப்பான்."

கூட்டம் கலைந்த நடைவழியில் சுவரைப் பிடித்தபடி, ஆஸ்பத்திரியில் அழாத அழுகையையெல்லாம் சேர்த்து அழுதாள்.

திருத்தக் கட்டுரையை அவள் பெயரில் மட்டும் வெளியிட்டார்கள். மாணவர்கள் இழைகளைத் தேடப் போனார்கள். அவள் இனி மல்லுக்கட்ட ஆளில்லாத அந்தப் பழைய அறையைப் புதிதாக வந்தவருக்கு விட்டுக்கொடுத்து, மாடியில் ஜன்னலில்லாத ஒரு அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.