எலுமிச்சம்பழத்துக்கு இன்சூரன்ஸ் உண்டா?

போன வாரம் என் தங்கை சுமதியின் ட்ரோன் மறுபடியும் பறந்தது. வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன். கடத்தூர் பக்கம் எங்கள் ஊரில் அதை ஓட்டும் முதல் பெண் அவள்தான். சும்மா இருப்பார்களா? 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை' என்று சொல்லாத வாய் இல்லை.

முதல் தடவை பறந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும்.

புது வண்டி வாங்கினால் என்ன செய்வோம்? அம்மன் கோயில் வாசலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டுவோம். சுமதியும் கட்டினாள் — ட்ரோனின் காலில்!

மரவள்ளிக் காட்டின் மேல் ஜம்மென்று ஏறியது... காற்றில் கயிறு மேலே பறந்து, இறக்கையில் சுற்றிக்கொண்டது. மருந்து டேங்க்கோடு போய் விழுந்த இடம், பக்கத்துக் காட்டு முருகேசன் அண்ணனின் பட்டுப்புழு ஷெட். கூரை உடைந்து மருந்து உள்ளே கொட்டியது. இன்றோ நாளையோ கூடு கட்ட வேண்டிய புழுக்கள், அத்தனையும் செத்துப்போயின. அந்தக் குடும்பத்துக்குப் பிழைப்பே அதுதான்.

நல்லவேளை, தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எடுத்திருந்தாள். நம்மால் அடுத்தவருக்கு நஷ்டம் வந்தால் கம்பெனி கொடுக்கும். பழத்தைப் பற்றி மூச்சு விடாதே என்று ஊரே யோசனை சொன்னது. முருகேசன் அண்ணனும் கெஞ்சினார்.

"காத்துல உழுந்துருச்சுன்னு சொல்லிப்புடு கண்ணு."

"பொய் சொல்ல மாட்டேங்ண்ணா. உங்களயும் கைவுட மாட்டேன்."

நஷ்டத்தைக் கணக்கெடுக்க இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். நடந்ததை நடந்தபடியே சொன்னாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"ட்ரோன் கம்பெனி குடுக்காத பொருளைக் கட்டியிருக்கீங்க. க்ளெய்ம் கஷ்டம் மேடம். தப்பு உங்களோடதுதானே?"

"என் தப்புதாங்க சார். தப்பே நடக்காதுன்னா உங்க இன்சூரன்ஸு எதுக்குங்க? பழம் கட்டக்கூடாதுன்னு பாலிசில எங்க போட்டிருக்குது, காட்டுங்க!"

அவர் காட்டவில்லை. சுமதி காட்டினாள் — வாசலில் நின்ற அவருடைய காரை. பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின.

"இது உங்க கார் கம்பெனி குடுத்ததுங்களா?"

மனிதர் சிரித்துவிட்டார். கம்பெனி சிரிக்கவில்லை. 'ரிஜெக்ட்' என்று மெயில் வந்தது. சுமதி விடுவாளா? புகார், மேல்முறையீடு, மறுபடி புகார்... அந்த ஒரே கேள்வி: எந்த வரியில் போட்டிருக்கிறது? அப்படி ஒரு வரியே இல்லை என்று கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. முருகேசன் அண்ணனுக்கு நஷ்டஈடு முழுசாக வந்து சேர்ந்தது.

பாலிசி விற்கும்போது மலர்கிற முகம், க்ளெய்ம் என்றதும் ஏன் சுருங்குகிறது? நாமும் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்? நாம் கட்டிய பிரீமியம் சார்... நிமிர்ந்தே கேட்போம்!

போன வாரம் முருகேசன் அண்ணன் வரப்பில் நின்று ட்ரோனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் கவலை.

"ஏங்கண்ணு, பழம் எங்க?"

"ஜூஸ் போட்டுக் குடிச்சிட்டேங்ண்ணா!"